அயிரைக்கு அயிர்

"சிலோன்ல எல்லாம் பீச் மண்ணை அள்ளிப் போட்டுத்தான் மீன் வளப்பாங்க போல."

கொளத்தூரில் ஒரு வண்ண மீன் கடைக்காரர் சொன்னது இது. என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, என் அக்காவின் மருமகனைப் பார்த்துச் சொன்னார். நான் கேட்டது ஒரேயொரு கேள்விதான்: தொட்டிக்குப் போட மணல் இருக்கிறதா? கடை முழுக்கக் கல் இருந்தது. நீலக் கல், பச்சைக் கல், ரோஸ் கல், இருட்டில் மினுங்குகிற கல். மணல் இல்லை. மணல் போட்டால் தண்ணீர் கலங்கும், ஃபில்டர் அடைக்கும், அழுக்கை எடுக்க முடியாது என்று மளமளவென்று சொன்னார். பிறகு நான் கதைத்த விதத்தில் என் ஊரைப் பிடித்துக்கொண்டு அந்த வசனத்தைச் சொன்னார். நல்ல மனிதர்தான், எங்களுக்குத் தேநீர் வரவழைத்துத் தந்தார். ஆனாலும் அந்தச் சொல் என்னோடு திருகோணமலை வரைக்கும் வந்துவிட்டது.

எங்கள் ஊரில் மீன் வளர்க்கிற யாரும் கடற்கரை மணலை அப்படியே அள்ளிப் போடுவதில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிலாவெளி மணலில் சிப்பித் தூள் கலந்திருக்கிறது. ஒரு கைப்பிடியைக் கிண்ணத்தில் போட்டு வினாகிரி ஊற்றினால் புசுபுசுவென்று நுரைக்கும். அது சுண்ணாம்பு. அப்படிப்பட்ட மணல் தொட்டித் தண்ணீரை நாளடைவில் வன்னீராக்கிவிடும். மென்னீரில் பிறந்த மீனுக்கு அது ஆகாது. கடலுக்குப் பத்து நிமிட நடையில் குடியிருந்துகொண்டு, மணலுக்காக நாங்கள் மாவலி கங்கையைத் தேடிப் போவது இதனால்தான். சென்னையில் வினாகிரியை வினிகர் என்கிறார்கள். பெயர் மாறினாலும் சிப்பி மணலில் விட்டால் அதே நுரைதான் வரும். அந்தக் கடைக்காரர் செய்து பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்.

இந்தப் பேச்சு எழக் காரணம் வளசரவாக்கத்தில் அக்கா வீட்டு வரவேற்பறையில் இருந்த தொட்டி. மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், அடியில் விரல்நகப் பருமனில் நீலக் கல். அதில் ஐந்து கோரிடோரஸ் கிடந்தன. தென் அமெரிக்க ஆறுகளின் மீன், கெளுத்திக்குத் தூரத்து உறவு. வாயைச் சுற்றி மீசை இருக்க வேண்டும். நான் கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தேன். ஒன்றுக்கு இடது பக்க மீசை அடியோடு இல்லை. இன்னொன்றுக்கு இரண்டு பக்கமும் அரிசி முனையளவு கட்டை மட்டும் மிஞ்சியிருந்தது, அதன் நுனி சிவந்திருந்தது. போட்ட தீனி கல்லின் இடுக்குகளுக்குள் இறங்கிவிடும், மீன் மேலே நின்று கல்லை மோந்துகொண்டே இருக்கும். எட்டாத இடத்தில் தீனி புளித்து அழுகும். கல்லின் விளிம்பு மட்டும் மீசையைத் தின்றது என்று சொல்லமாட்டேன். அந்த இடுக்கு அழுக்கில் பெருகுகிற கிருமிக்கும் பெரிய பங்குண்டு. கல்லை மாதக் கணக்கில் உறிஞ்சிச் சுத்தம் செய்யாமல் விட்டால், உருண்டைக் கல்லானாலும் கதி அதுதான்.

அக்காவின் மருமகன் மதுரைக்காரர், மீனில் பிரியம் உள்ளவர். மீசை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார். வாங்கும்போதே அப்படித்தான் இருந்ததாம்.

இந்த மீன் மணலில் எப்படித் தின்னும் என்று ஒருமுறை பார்த்தவர் பிறகு கல்லுக்குத் திரும்பமாட்டார். தலையைக் கண்வரைக்கும் மணலுக்குள் செருகும். ஒரு வாய் மணலை அள்ளும். உள்ளே புழுவையும் தீனியையும் பிரித்து எடுத்துக்கொள்ளும். மிச்ச மணல் இரண்டு செவுள் வழியாகவும் புகை மாதிரிச் சொரியும். நாள் முழுக்க அதற்கு அதுதான் வேலை. அரிசி அரிக்கிற பெண்ணின் கை மாதிரி ஓய்வில்லாத ஒரு லாவகம் அதில் உண்டு. எங்கள் வீடுகளில் முன்பு அதற்கென்று அரிக்கன்சட்டி இருந்தது, உட்புறம் வரிவரியாக இருக்கும், கல் அந்த வரியில் தங்கிவிடும். மணலைச் சலிக்கிற தட்டையும் நாங்கள் அரிதட்டு என்போம், சென்னையில் சல்லடை. அரித்தல் என்ற சொல்லை எங்கள் பக்கம் இன்னும் கைவிடவில்லை. அந்த மீன் செய்வதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

சொற்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நிறுத்த முடியாது. நாங்கள் லொறி என்பதை அவர்கள் லாரி என்கிறார்கள். எங்கள் வாளி அங்கே பக்கெட். எங்கள் அரசாங்கக் கடிதங்களில் அலங்கார மீன் என்று வரும், அங்கே வண்ண மீன், கடைவாசலில் கலர் மீன். அவர்கள் ஜல்லி என்கிற உடைகல்லை நாங்கள் சல்லி என்போம். கிழக்கிலும் மலையகத்திலும் சல்லி என்றால் பணமும்தான். "சல்லி இல்லை" என்று நான் அக்காவிடம் சொன்னபோது, அருகில் இருந்த மருமகன் கட்டட வேலை ஏதோ நடக்கிறதாக்கும் என்று நினைத்துவிட்டார். அக்காவுக்கு உடனே விளங்கியது. 1990இல் படகேறி மண்டபம் முகாமுக்குப் போனவர், அதன் பிறகு இந்தியாவிலேயே தங்கிவிட்டார், பேச்சும் பாதி மாறிவிட்டது. ஆனாலும் அந்தச் சொல் அவருக்கு மறக்கவில்லை.

நாங்கள் மணலுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் தொட்டிகளிலும் முதலில் கல்தான் இருந்தது. அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டு, அதன் மேல் மூன்று அங்குலம் கல், மூலையில் காற்றுக் குழாய். தண்ணீர் கல்லுக்குள்ளால் இறங்கித் தட்டுக்கு அடியால் மேலே வரும், கல்லில் குடியிருக்கிற நுண்ணுயிர்கள் மீனின் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்கும். மின்சாரம் இருக்கிறவரைக்கும் அருமையான ஏற்பாடு. 2022இல் பொருளாதார நெருக்கடியில் மின்சாரம் போனது. மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு. தண்ணீர் ஓட்டம் நின்றால் கல்லுக்குள் பிராணவாயு தீர்ந்துபோகும், அந்த நுண்ணுயிர்கள் சாகும், தட்டுக்கு அடியில் கிடந்த மாதக் கணக்கான அழுக்கு நாறத் தொடங்கும். திரும்ப மின்சாரம் வந்து ஓட்டம் தொடங்கியதும் அந்த நாற்றமெல்லாம் மீனின் மேல் வந்து கொட்டும். என் தொட்டியில் ஒரே இரவில் பதினொரு மீன் போயின. காலையில் அவற்றை ஒவ்வொன்றாக வலையில் எடுத்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த மாதம் நான் தட்டையும் கல்லையும் எடுத்தேன். இறக்குமதி இல்லாத காலம், கடைகளில் ஒன்றும் கிடையாது. பற்றரியில் ஓடுகிற சின்னக் காற்றுப் பம்பும் ஸ்பொன்ஜ் வடிகட்டியும் ஒரு நண்பர் தந்தார். மணல் மூதூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த லொறியிலிருந்து இரண்டு உரப்பை. 335 கிலோமீற்றர் ஓடி, இலங்கையின் மிக நீண்ட ஆறாகக் கொட்டியாரக் குடாவில் விழுகிற மாவலியின் மணல். மலையில் புறப்பட்ட கூர்க்கல் கடலுக்கு வரும்போது முனை மழுங்கி, விரலுக்கிடையில் உருட்டினால் உறுத்தாத மணியாகிவிடும். அந்த மணலை விட்டதும் என் மீன்கள் செய்ததைப் பார்த்து நாலு வீட்டில் மாற்றினார்கள். நான் "எங்கள் ஊரில்" என்று எழுதும்போதெல்லாம் மனதில் வருவது அந்த வீடுகள்தான்.

ஆற்று மணல் எல்லா ஊருக்கும் வாய்க்காது என்பது உண்மை. காவிரி மாவலியைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீளம், அதன் மணல் குறைந்ததாக இருக்கவே முடியாது. ஆனால் சென்னையில் ஒரு வீட்டுக்காரர் இரண்டு பை ஆற்று மணல் வாங்குவது லேசான காரியமில்லை. ஆறுகளை அவ்வளவு தோண்டிவிட்டார்கள், அதற்குக் கட்டுப்பாடும் வழக்கும் வந்துவிட்டன. எங்கள் மாவலிக் கரையிலும் அதே தோண்டல்தான் நடக்கிறது, அதை மறைக்கமாட்டேன். சென்னையில் மணல் என்று கேட்டால் இப்போது எம்-சாண்ட் தருகிறார்கள். கருங்கல்லை இயந்திரத்தில் உடைத்து வருவது. வீடு கட்ட நல்லது. மீனின் வாய்க்கு ஆகாது, ஒவ்வொரு மணியும் முனையோடு இருக்கும். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தாலே தெரியும்.

அழகுக்காகக் கருமணல் தேடுகிறவர்களும் இரண்டு கரையிலும் உண்டு. எங்களுக்கு வடக்கே புல்மோட்டையில் இல்மனைட் மணல், தமிழ்நாட்டில் மணவாளக்குறிச்சியில் அதன் உறவுக்காரன். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டும், அதற்குள் தோரியமும் இருக்கின்றன. இரண்டும் அரசாங்கம் எடுக்கிற கனிமம், தொட்டிக்கானவை அல்ல. புல்மோட்டை மணலைக் கையில் எடுத்தால் இரும்பு மாதிரிக் கனக்கும், அதைப் பார்க்கிறதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கொளத்தூரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. நான் அங்கே போனது இரண்டு ஞாயிறு காலைகள். அந்த இரண்டு காலைகளில் பார்த்தது போல ஒரு மீன் சந்தையை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. தெருத் தெருவாகக் கடை, தரையெல்லாம் ஒட்சிசன் அடைத்த பை, ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு நிறம். செங்குன்றம் பக்கத்துச் சீமெந்துத் தொட்டிகளில் குஞ்சு பொரிக்க வைக்கிறவர்கள் அடியில் ஒன்றுமே போடுவதில்லை, வெறுந்தரை. குஞ்சுக்கு அது சரி, அழுக்கு உடனே தெரியும், உடனே எடுக்கலாம். இனம் பெருக்குகிற கலையில் அவர்களிடம் நாங்கள் படிக்க நிறைய இருக்கிறது. என் ஸ்பொன்ஜ் வடிகட்டியின் பெட்டியிலேயே சென்னை முகவரி இருந்தது. ஆனால் பொரிக்கிற தொட்டியிலிருந்து வீட்டுத் தொட்டிக்கு வரும்போது நடுவில் ஒன்று விடுபட்டுவிடுகிறது. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மேலே நீந்துகிற மீனைப் பார்த்து வாங்குகிறார்கள். வாஸ்துவுக்கென்று அரோவானா, ஃபிளவர்ஹார்ன் மீன் வாங்குகிறார்கள். அடியில் வாழ்கிற மீனை "கீழ இருக்கற அழுக்கைத் தின்னும் சார்" என்று சொல்லிக் கையில் தருகிறார்கள். ஒரு மீனைத் தும்புத்தடி மாதிரி விற்றால் அதற்குப் படுக்கை வேண்டும் என்ற நினைப்பு யாருக்கு வரும்?

எங்களுக்கு அந்த நினைப்பு வந்ததற்குக் காரணம் அயிரை என்று நம்புகிறேன். அயிரையை நாங்கள் முதலில் பார்த்தது கடையில் அல்ல, வாய்க்காலில். சின்ன வயதில் கணுக்கால் தண்ணீரில் நின்றால் காலுக்கடியில் மணல் நெளியும். குனிந்து பார்த்தால் இரண்டு கண் மட்டும் மணலுக்கு மேலே இருக்கும். தொட்டால் அதுவும் மறையும். அம்மா அயிரை என்பார், பக்கத்து வீட்டுச் சிங்கள மாமி அஹிராவா என்பார். 1846இல் பிரெஞ்சு மீனியலாளர் வலன்சியேன் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது "தெர்மாலிஸ்" என்று வைத்தார். வெந்நீருக்குரியது என்று பொருள். அந்த வெந்நீர் எங்கள் கன்னியா ஊற்று. ஏழு கிணறு, ஏழு சூடு. தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் உண்டாக்கியது என்று சொல்வார்கள். என் அப்பாவின் காரியத்துக்கு நாங்கள் நின்றதும் அங்கேதான். இன்று அந்த இடம் யாருடையது என்று எத்தனையோ பேர் எழுதுகிறார்கள், வழக்காடுகிறார்கள். அந்த ஊற்றின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு மீன் தென்னிந்திய ஆறுகளிலும் நீந்துகிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அயிரையின் இன்னொரு இனம் எங்கள் ஈரவலயக் காட்டு ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. சுழியோடி ரொட்னி ஜோங்க்ளாஸின் பெயரை பி. ஈ. பி. தெரணியகல 1956இல் அதற்குச் சூட்டினார். இந்தியாவுக்கும் அப்படிப்பட்ட செல்வம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் வரிபோட்ட போட்டியா ஸ்ட்ரையாட்டா அங்கே மட்டுமே வாழ்கிறது, அழியும் ஆபத்தில் இருக்கிறது. உலகம் முழுக்க அதை வாங்கி வளர்க்கிறார்கள். சொந்த மலையின் அந்த மீனை நான் போன கடைகளில் கேட்டேன். வெளிநாட்டு மீன் காட்டினார்கள்.

குறுந்தொகையில் கிழட்டு நாரை அயிரைக்காக ஏங்குகிறது. இன்னொரு பாட்டில் ஓடுகிற தண்ணீரில் குருகு ஆரலைப் பார்த்து நிற்கிறது. ஆரலும் மணலில் புதைகிற மீன்தான். அயிர் என்ற சொல்லை அகராதியில் பார்த்தால் நுண்மணல் என்று இருக்கும். அயிரைக்கு அயிர் வேண்டும் என்பதை நான் கண்டுபிடிக்கத் தேவையில்லாமல் மொழி முன்னமே வைத்திருக்கிறது. இந்தத் தமிழ் இரண்டு கரைக்கும் பொது.

இதையெல்லாம் வளசரவாக்கத்தில் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது மருமகன் சிரித்தார். "மாமா, அயிரையைத் தொட்டியிலயா வளப்பாங்க? எங்க ஊர்ல அது கொழம்பு மீனு." மதுரையில் உயிரோடு வாங்கி வருவார்களாம், சட்டியில் பால் ஊற்றி அதில் விடுவார்களாம். வயிற்றில் இருக்கிற மணலையெல்லாம் கக்கிவிடுமாம். பிறகு உப்புப் போட்டு உரசிக் கழுவிக் குழம்பு. எனக்கு முதலில் மனம் சுருங்கியது. பிறகு யோசித்தேன். அந்த மீன் வயிற்றில் மணல் இருக்கிறது என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள், அதை எடுக்க வழியும் வைத்திருக்கிறார்கள். "அப்ப அது மணலோட வாழ்ற மீன் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, தம்பி" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை மாற்றினோம். எம்-சாண்ட் வேண்டாம் என்று பாரிமுனைப் பக்கம் தேடி, தண்ணீர் சுத்திகரிக்கிற தொட்டிகளுக்குள் போடுகிற சிலிக்கா மணல் ஒரு மூட்டை கிடைத்தது. வினிகர் விட்டோம், நுரைக்கவில்லை. மணி ரவையைவிடக் கொஞ்சம் பெரிது, மாவாகத் தூசியில்லை. அந்தத் தொட்டிக்கு ஒன்றரை அங்குலக் கனத்துக்கு 22 கிலோ பிடித்தது. அதற்கு மேல் தடிப்பாகப் போட்டால் அடியில் காற்றுப் புகாமல் அழுகிய முட்டை நாற்றம் வரும்.

மணலைக் கழுவத்தான் பாதி நாள் போனது. வாளியில் கால்வாசி மணல், தண்ணீரை வேகமாக விட்டுக் கையால் கிளறி, கலங்கலைச் சாய்த்து, திரும்பவும். பன்னிரண்டாவது தண்ணீரில்தான் என் விரல் தெரிந்தது. அக்கா வந்து பக்கத்தில் குந்திக்கொண்டார். முழங்கை வரைக்கும் வாளிக்குள் விட்டு அரித்தார். எழுபது வயதுக் கை, ஒரு மணி சிந்தவில்லை. "உப்புவெளியில வீடு கட்டேக்க அப்பா இப்பிடித்தான் கழுவுவிச்சவர்" என்றார். அந்த வீடு இப்போது இல்லை.

மீன்களைப் பழைய தொட்டித் தண்ணீரிலேயே தனி வாளியில் விட்டு, காற்றுக் குழாயும் போட்டோம். கல்லை மீன் இருக்கும்போது கிளறக்கூடாது, அடியில் கிடக்கிற நஞ்செல்லாம் மேலே வரும். அங்கே கல்லுக்கடியில் இருந்த தட்டு வடிகட்டி மணலோடு வேலை செய்யாது, ஓட்டைகள் அடைத்துவிடும். கடைக்காரர் சொன்ன காரணங்களில் இது ஒன்று முழு உண்மை. அதற்குப் பதில் ஸ்பொன்ஜ் வைத்தோம், அதை ஒரு மாதம் முன்பே வைத்திருந்தால் இன்னும் நல்லது. கல்லை முழுவதும் வீசவில்லை. மூன்று கிலோவை வெங்காய வலைப்பையில் கட்டித் தொட்டி மூலையில் போட்டோம், நுண்ணுயிர்கள் அதிலிருந்து ஸ்பொன்ஜுக்கும் மணலுக்கும் குடிபெயர மூன்று வாரம் வேண்டும். அதுவரை தீனி பாதி. இதைச் செய்யாமல் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினவர்களின் மீன்தான் செத்திருக்கிறது, பழி மட்டும் மணலின் மேல் விழுந்திருக்கிறது.

இரண்டு நாள் தண்ணீர் கலங்கலாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் மருமகன் என்னை எழுப்பினார். மீசையில்லாத அந்த மீன் கண்வரைக்கும் மணலுக்குள் இருந்தது, செவுளால் மணல் சொரிந்துகொண்டிருந்தது. அவர் வேலைக்குப் பிந்திப் போனார்.

நான் ஊர் திரும்பி இரண்டு மாதம். கல்லை எடுத்தாயிற்று, துளசிச் சாடியில் போட்டிருக்கிறோம் என்று அக்கா சொன்னார். மீசைக் கட்டைகள் கொஞ்சம் நீண்டிருக்கின்றனவாம். போன வாரம் மருமகன் மதுரைக்குப் போய் உயிரோடு அரைக் கிலோ அயிரை வாங்கி வந்தார். குழம்பு வைத்தார்கள். ஆறு மட்டும் குழம்புக்குப் போகவில்லை. அவற்றைத் தனி வாளியில் கொஞ்ச நாள் வைத்து, நோய் இல்லை என்று பார்த்து, தொட்டியில் விட்டிருக்கிறார். விட்ட நிமிடத்தில் ஆறும் காணாமல் போயினவாம். "மாமா, எண்ணிப் பாத்தா நாலுதான் தெரியுது, மண்ணைக் கிளறிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார். கிளற வேண்டாம், இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள் என்றேன்.